நம்பிக்கையும் நன்னடத்தையும்

மலாயாவின் கத்தோலிக்க மிஷன் பள்ளிகள் பலவற்றின் பாட அட்டவணையில் ஓர் அரைமணி நேரம் நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. மணி அடித்ததும் வகுப்பு பிரியும். கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் ஞானோபதேச நூலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓர் அறைக்குச் செல்வர். ஏனைய இந்து, பௌத்த, சீக்கியப் பிள்ளைகள் வேறோர் அறையில் ஒழுக்கப் பாடத்திற்கென அமர்வர். முன்னவர்களின் அறையில் யாது கற்பிக்கப்படல் வேண்டும், எவ்வயதில், எம்முறையில் என்பனபற்றித் திருச்சபை நூல்கள் விரிவாகப் பேசும். பின்னவர்களின் அறையைப்பற்றி எழுதப்பட்டதோ மிகக் குறைவு. அவ்வேளையில் வேறு பாடம் இல்லாத ஆசிரியர் எவரோ அவரே பெரும்பாலும் அங்கு அனுப்பப்படுவார். அவரும் திருத்தவேண்டிய பயிற்சிப் புத்தகங்களைச் சுமந்துகொண்டு செல்வார். பிள்ளைகள் அழகெழுத்து எழுதிக்கொண்டிருப்பர். கதை சொல்லும் ஆசிரியர் வாய்த்தால் அஃது அவர்களுடைய நற்பேறு.

ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளி வகுப்பின் சமய நம்பிக்கை எத்தகையது, அது உருவாக்க எண்ணும் குடிமகன் எத்தகையவன் என்னும் இரண்டையும் அறிய விரும்புவோர் இந்த இரண்டாம் அறையைத்தான் எட்டிப்பார்த்தல் வேண்டும். தன் நம்பிக்கையை ஏற்காத பிள்ளைக்கு அப்பள்ளி எதைத் தரக் கடமைப்பட்டுள்ளது? அப்பிள்ளையிடம் எதைக் கேட்க உரிமை பெற்றுள்ளது? இவ்வினாக்கள் ஒரு சமயத்தாரின் பள்ளிக்கு மட்டும் உரியன என்று எண்ணிவிடலாகாது. நம்பிக்கையையும் நடத்தையையும் ஒரே கரும்பலகையில் எழுதும் பள்ளி எதுவாயினும் அதற்கும் இவை உரியனவே.

லா சால் அருட்சகோதரர்களும் குழந்தை இயேசு சபை அருட்சகோதரியரும் 1852ஆம் ஆண்டில் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர். சிங்கப்பூரின் செயின்ட் ஜோசப் பள்ளியும், பினாங்கின் செயின்ட் சேவியர் பள்ளியும், லைட் தெருக் கான்வென்டும் அவ்வாண்டில் தோன்றியவை. தம் சமயத்துப் பிள்ளைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் நாடி வந்தவர்களிடம், ஆங்கிலம் கற்றால் உத்தியோகம் கிட்டும் என்று நம்பிய சீனரும் தமிழரும் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டனர். வந்தவர்கள் எதிர்பார்த்த வகுப்பு ஒன்று. வாய்த்த வகுப்பு வேறொன்று. தமிழ்ப்பள்ளிகளிலும் இந்நிலை உண்டு. ஈப்போவின் செயின்ட் பிலோமினா கான்வென்ட், தைப்பிங்கின் செயின்ட் திரேசா கான்வென்ட், கோலாலம்பூரின் செயின்ட் ஜோசப் ஆகிய தமிழ்ப்பள்ளிகள் புனிதர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தமிழருள் பெரும்பாலோர் இந்துக்களாக உள்ள இந்நாட்டில் அத்தகைய பள்ளிக்குத் திருநீறு துலங்கும் நெற்றியோடு பிள்ளைகள் வருவது வியப்பன்று. தேர்வு நாளன்று மாதா சிலையின் முன் நின்று கும்பிட்டுவிட்டு வகுப்பறைக்கு ஓடும் பிள்ளை எச்சமயத்துப் பிள்ளை என்று பிரித்தறிய இயலாது. ஆண்டுதோறும் சூலைத் திங்களில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிற்குத் திரள்வோரில் கத்தோலிக்கர் அல்லாதாரும் பலர். நம் மக்கள் வேலிகளை அவ்வளவு நேராக நட்டு வைப்பவர்கள் அல்லர். பாட அட்டவணைதான் நேராக நடுகிறது.

லா சால் சபையைத் தோற்றுவித்த ஜான் பாப்டிஸ்ட் டி லா சால் பிரான்சு நாட்டு ரேம்ஸ் நகரத்தவர். 1651 முதல் 1719 வரை வாழ்ந்தவர். ஆசிரியர்களின் பாதுகாவலர் என்று 1950இல் திருச்சபை அவரை அறிவித்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இலத்தீனில் எழுத்தறிவிக்கும் வழக்கத்தை விடுத்து, அவர்கள் வீட்டில் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே முதலில் படிக்கக் கற்பித்தார் அவர். தாய்மொழிக் கல்விக்காக வாதாடும் தமிழாசிரியர்கள் இப்பெருமகனாரை நினைவில் கொள்ளுதல் தகும். அவர் 1703இல் வெளியிட்ட நூல் ஒன்று கிறித்தவ நன்னடத்தையின் விதிகளைக் கூறுவது. எவ்வாறு நிற்பது, நடப்பது, உண்பது, மூக்கைச் சிந்துவது, பிறர் இல்லத்திற்குச் சென்றால் எவ்வாறு உரையாடுவது என்பன அதன் பொருள். அந்நூலே அவருடைய பள்ளிகளில் வாசிப்புப் பயிற்சிக்கும் பயன்பட்டது. படிப்பும் பக்தியும் பண்பும் ஒரே நூலில், ஒரே பாடவேளையில் அமைந்துவிட்டன. எதிரே நிற்பவனிடத்தும் இறைவன் உறைகின்றான். ஆதலின் அவனிடம் மரியாதையோடு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே அந்நூலின் அடிப்படை.

இவ்வடிப்படையின் அழகை மறுப்பார் இலர். ஆயினும் ரேம்ஸ் நகரத்து வகுப்பில் அமர்ந்திருந்தோர் யாவரும் ஒரு சமயத்துப் பிள்ளைகள். பினாங்கு வகுப்பில் அத்தகைய ஒருமை இல்லை. வேரை ஏற்காத பிள்ளையிடம் கனியை மட்டும் கேட்பது எங்ஙனம்?

1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் பறைசாற்றப்பட்ட ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாட்டிலும் இச்சிக்கல் வேறு வடிவில் உண்டு. அதன் ஐந்து நெறிகளுள் முதலாவது இறைவன்மீது நம்பிக்கை. ஐந்தாவது நன்னடத்தையும் ஒழுக்கமும். லா சாலின் நூலில் ஒரே பக்கத்தில் நின்றவை இங்கே தொடக்கத்திலும் முடிவிலுமாக நிற்கின்றன. இடையில் பேரரசருக்கும் நாட்டிற்கும் விசுவாசம், அரசியலமைப்புச் சட்டத்தின் உயர்வு, சட்டத்தின் ஆட்சி என்னும் மூன்றும் வந்தமர்ந்துள்ளன. இறைவன் என்று கூறிய அக்கோட்பாடு, எந்த இறைவன் என்று கூறவில்லை. சபைகூடலில் வலக்கையை உயர்த்தி நிற்கும் பிள்ளைகள் ஒரே சொல்லைத்தான் உரக்கச் சொல்கின்றனர். ஒவ்வொரு பிள்ளையின் உள்ளத்திலும் எழும் உருவம் வேறு. பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு அச்சொல்லால் என்ன தோன்றுகிறது என்று கேட்ட ஆசிரியர் மிகச் சிலராகவே இருப்பர். அப்பிள்ளை ஏனையோரைப் போலவே நேராக நிற்கிறது. அது போதும் என்று விட்டுவிடுகிறோம். அங்ஙனம் விடுவதும் ஒருவகையில் நன்றே. உள்ளத்தைத் துருவிப் பார்க்காமல் நிற்கும் முறையை மட்டும் கேட்பது குடியியலுக்குரிய அடக்கம். ஆனால், நேராக நின்றதனாலேயே நம்பிக்கை விளைந்துவிட்டது என்று மதிப்பிட்டால் அங்கேதான் பிழை தொடங்குகிறது.

சட்டம் இவ்வடக்கத்தை எழுதியே வைத்துள்ளது. கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் விதி, ஒவ்வொரு சமயக் குழுவினரும் தம் பிள்ளைகளுக்குத் தம் சமயத்தைப் போதிக்கும் நிலையங்களை அமைத்து நடத்த உரிமை தருகிறது. அவ்விதியே, தன் சமயம் அல்லாத சமயத்தின் போதனையைப் பெறுமாறோ வழிபாட்டில் பங்குகொள்ளுமாறோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவு செய்வர் என்றும் கூறுகிறது.

இவ்விதி தம் பள்ளியின் கைகளைக் கட்டிவிட்டதாகக் கருதும் கத்தோலிக்கர் எவரேனும் இருப்பின், அவர் தம் மரபையே முழுதும் அறியாதவர் ஆவார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த தோமா அக்குவினார், திருச்சபையின் நம்பிக்கையை ஒருபோதும் ஏற்றிராதவரை எவ்வகையிலும் வற்புறுத்தலாகாது என்று தம் இறையியல் தொகுப்பில் நிறுவுகிறார். நம்புதல் மனவிருப்பின் செயல்; விருப்பத்தைப் பிறர் தள்ளி நிகழ்விக்க முடியாது என்பது அவர் காட்டும் காரணம். யூதரின் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் விருப்பத்திற்கு மாறாகத் திருமுழுக்கு அளிக்கலாகாது என்றும் அவர் கூறுகிறார். அறிவு முதிராத பிள்ளை இயற்கை நீதியின்படி பெற்றோரின் பொறுப்பில் உள்ளது என்பது அவருடைய வாதம். கோலாலம்பூரில் எழுதப்பட்ட சட்ட விதியும் பாரிசில் கற்பித்த துறவியின் வாதமும் ஒரே இடத்தில் வந்து சந்திக்கின்றன.

கொள்கை இவ்வாறிருப்பினும் வரலாறு எப்போதும் இவ்வாறு நடந்துவிடவில்லை. அக்காலத்துத் திருத்தந்தையின் ஆட்சிப் பகுதியாயிருந்த பொலோஞா நகரில் 1858ஆம் ஆண்டு எட்கார்டோ மொர்த்தாரா என்னும் ஆறு வயது யூதச் சிறுவன் காவலரால் பெற்றோரிடமிருந்து கொண்டுசெல்லப்பட்டான். குழந்தைப் பருவத்தில் நோயுற்றிருந்தபோது வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி அவனுக்கு இரகசியமாகத் திருமுழுக்கு அளித்துவிட்டாள் என்பதே காரணம். திருமுழுக்குப் பெற்றவன் யூதர் இல்லத்தில் வளரலாகாது என்றது அங்கிருந்த சட்டம். பெற்றோர் எவ்வளவோ மன்றாடியும் அவன் திரும்பி வரவில்லை; வளர்ந்து குருவானான். பணிப்பெண்ணின் செயல் அன்பினால் எழுந்தது என்றே கொள்ளலாம். அந்த அன்பு ஒரு தாயிடமிருந்து மகனைப் பிரித்தது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளின் நலத்தைப் பெற்றோரைவிடத் தாமே நன்கு அறிந்ததாக எண்ணும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியைப் படித்தல் நலம். நூற்றேழு ஆண்டுகள் கழித்து, 1965 டிசம்பர் 7இல், இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய அறிக்கையை வெளியிட்டது. சமயச் செய்திகளில் எவரையும் அவருடைய மனச்சான்றுக்கு மாறாக நடக்குமாறு வற்புறுத்தலாகாது என்று அவ்வறிக்கை தெளிவாகவே கூறிவிட்டது.

நம்பிக்கையை முன்வைக்கலாம், கேட்டு வாங்க முடியாது. நடத்தை அத்தகையதன்று. வரிசையில் முந்தாதே, அடுத்தவன் பொருளை எடுக்காதே, வகுப்பில் எளியவனை ஏளனம் செய்யாதே என்பவற்றை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்டே வாங்கலாம். ஆனால், அதற்குரிய காரணத்தை அப்பிள்ளை ஏற்கும் மொழியில் கூறவேண்டிய கடமை ஆசிரியருக்கு உண்டு. இறைவன் பார்க்கிறார் என்னும் காரணம் ஒரு பிள்ளைக்குப் போதும். மற்றொரு பிள்ளைக்கு, உன் பென்சிலை எவரேனும் எடுத்தால் உனக்கு எப்படியிருக்கும் என்னும் கேள்வியே போதும். இரண்டாவது காரணம் முதலாவதைவிடத் தாழ்ந்தது என்று பள்ளி கருதுமாயின் அக்கருத்து எவ்வளவு மறைத்தாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பென்சில் என்றதனால் அதையே எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் ஒரு பென்சில் காணாமற்போகிறது. பள்ளியின் வழக்கமான முறை யாவரும் அறிந்ததே: பைகள் சோதிக்கப்படும், வகுப்புத் தலைவன் ஐயப்படுவோரின் பெயரைக் கூறுவான், எடுத்தவன் அகப்பட்டால் தண்டனை. கத்தோலிக்க மரபில் வேறொரு முறை உண்டு. பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்டு 8இல் வெளியிட்ட ஆணை, ஏறத்தாழ ஏழு வயதில் பிள்ளை நன்மை தீமையைப் பகுத்தறியத் தொடங்குகிறது என்றும், அப்போதே பாவசங்கீர்த்தனத்திற்கும் புதுநன்மைக்கும் உரியதாகிறது என்றும் கூறிற்று. ஆண்டு ஒன்றில் அடியெடுத்து வைக்கும் பிள்ளையின் வயது அது. எவரும் குற்றஞ்சாட்டுவதற்கு முன், எவருடைய பையும் திறக்கப்படுவதற்கு முன், அப்பிள்ளை தன் உள்ளத்தைத் தானே திறந்து பார்க்குமாறு கேட்கப்படுகிறது. கூறியதைக் கேட்ட குரு அதை வெளியில் சொல்லார், தலைமையாசிரியருக்கும் சொல்லார். ஆயினும் எடுத்த பொருளைத் திருப்பித் தருதல் வேண்டும் என்பார்.

அரசின் சட்டமோ வேறு கணக்கு வைத்துள்ளது. மலேசியத் தண்டனைச் சட்டத் தொகுப்பின் 82ஆம் பிரிவின்படி பத்து வயதிற்குட்பட்ட பிள்ளையின் செயல் எதுவும் குற்றமாகாது. வாக்களிக்கும் வயது 2021 டிசம்பர் வரை இருபத்தொன்று, பின்னர்ப் பதினெட்டு. திருச்சபைக்கு ஏழு, தண்டனைச் சட்டத்திற்குப் பத்து, வாக்குப்பெட்டிக்குப் பதினெட்டு. ஒரே பிள்ளையைப் பற்றிய இம்மூன்று கணக்குகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஏழு வயதில் அது தன்னைத் தானே வினவத் தகுதி பெறுகிறது; பிறர் அதைத் தண்டிக்கும் தகுதி பின்னரே வருகிறது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் நிற்பது இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில். தன்னை வினவும் பழக்கம் வேரூன்றுவதற்கு முன்னரே தண்டனைக்கு அஞ்சும் பழக்கத்தை ஊன்றிவிடுவது எளிது. பெரும்பாலான வகுப்புகளில் அதுவே நடக்கிறது.

இங்கு இரண்டாம் அறையின் பிள்ளை மீண்டும் நினைவுக்கு வருகிறது. பென்சிலை எடுத்தது அப்பிள்ளையாயின் எங்கே செல்லும்? அதற்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இல்லை. தண்டனையின்றி உண்மையைக் கூற ஓரிடம் கத்தோலிக்கப் பிள்ளைக்கு உண்டு. ஏனைய பிள்ளைக்குப் பை சோதனை மட்டுமே உண்டு என்றால், அவ்வகுப்பில் இரு நீதிகள் நிலவுகின்றன. இதனைச் சரிசெய்ய அருளடையாளம் எதுவும் தேவையில்லை. யாரும் அறியாமல் திருப்பி வைக்க ஒரு மேசையும், அதற்கு ஓர் ஓய்வுவேளையும், எடுத்தவர் யார் என்று பின்னர்த் துருவாத ஆசிரியரும் போதும். இத்தகைய ஆசிரியர்கள் நம்மிடையே இருந்துவந்துள்ளனர். அவர்கள் இதனைப் பாடக் குறிப்பேட்டில் எழுதியவர்கள் அல்லர்.

ஞானோபதேச வகுப்பின்மீது நெடுநாளாகக் கூறப்பட்டுவரும் குறை, அது கிளிப்பிள்ளைப் பாடம் என்பது. வினாவும் விடையும் அச்சிட்டுத் தரப்படும். பிள்ளை விடையை ஒப்பித்தால் போதும். இக்குறையில் உண்மை உண்டு. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அண்டிறிக் அடிகளார் தந்த கிறித்தவ மறை நூல் அது. அடுத்த ஆண்டு கொச்சியில் அவர் அச்சிட்ட கிறிசித்தியானி வணக்கம் ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் வினாவிடை வடிவினது. தமிழில் பாடநூல் அச்சிடும் பணியே வினாவிடையில் தொடங்கியது என்றால் மிகையன்று. நூல் வடிவில் அது உரையாடல்; வகுப்பில் அது ஒப்பித்தலாயிற்று. சொன்னதைச் சொன்னபடி செய்யும் சீடர்கள் எத்தகைய கேட்டிற்கு ஆளாவர் என்பதையும், பின்னாளில், பரமார்த்த குருவின் கதையாக எழுதியவர் ஒரு கத்தோலிக்கக் குருவாகிய வீரமாமுனிவரே. அக்கதைக்குச் சிரிக்கும் ஆசிரியர்கள், அது தம் வகுப்பைப் பற்றியதாகவும் இருக்கலாம் என்று எண்ணுவது அரிது.

ஆனால் இக்குறையைச் சமயப் பாடத்தின்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டத்தோடு 1983இல் நன்னெறிக் கல்வி வந்தது. இசுலாமிய மாணவர் இசுலாமியக் கல்வி பயில, ஏனையோர் இதனைப் பயின்றனர். மிஷன் பள்ளியின் இரண்டாம் அறை நாடு முழுமைக்கும் ஒரு பாடமாக விரிந்தது எனலாம். தொடக்கப்பள்ளிக்குப் பதினாறு பண்புகள் வகுக்கப்பட்டன. பின்னர் இடைநிலைப்பள்ளியில் அவை முப்பத்தாறாகி, ஒவ்வொன்றுக்கும் வரையறை எழுதப்பட்டு, அவ்வரையறையைச் சொல் பிசகாமல் எழுதினால்தான் தேர்வில் புள்ளி என்னும் நிலையும் வந்தது. அன்புடைமையின் வரையறையைப் பிழையற எழுதிய மாணவன், எழுதி முடித்ததும் அடுத்தவனுக்கு அழிப்பானைத் தர மறுக்கக்கூடும், புள்ளி குறையாது. ஞானோபதேசத்தைக் கைவிட்டோர் அதன் கருத்தை விட்டுவிட்டு அதன் மனப்பாடத்தை மட்டும் காப்பாற்றிக்கொண்டனர் போலும்! சமயம் நம்பிக்கையை ஒப்பிக்கச் செய்தது. குடியியல் நடத்தையை ஒப்பிக்கச் செய்தது. முன்னதாவது ஒப்பிப்பதற்குரிய சொற்களை உடையது. பின்னதற்கு அச்சொற்களால் ஆவது என்ன? குடியியல், குடியுரிமைக் கல்வி என்னும் பாடம் 2005இல் ஆண்டு நான்கில் அறிமுகமானபோது பிள்ளைகள் செய்துகாட்டும் திட்டப்பணிகளுக்கு இடம் தரப்பட்டது. இந்நோயை உணர்ந்ததன் அறிகுறியாக அதைக் கொள்ளலாம்.

கற்பிப்பவரின் சலிப்பைப் பற்றியும் இங்குக் கூறுதல் வேண்டும். ஏனெனில் ஒப்பித்தல் சலிப்பில்தான் பிறக்கிறது. ஏறத்தாழ கி.பி. 400ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரத்துத் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ் என்பவர், புதியவர்களுக்கு மறையைக் கற்பிக்கும்போது தம் பேச்சு தமக்கே சுவையற்றுப் போகிறது என்று அகுஸ்தீனாருக்கு எழுதினார். அதற்கு விடையாக அகுஸ்தீனார் ஒரு நூலே எழுதினார். தம் பேச்சும் தமக்கு நிறைவு தருவதில்லை என்று தொடங்கும் அவர், ஓர் உவமை கூறுகிறார். நம் ஊரின் அழகிய இடங்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து நாம் பொருட்படுத்தாமல் கடந்துவிடுகிறோம். வெளியூரிலிருந்து வந்தவருக்குக் காட்டும்போது அவருடைய வியப்பில் நமக்கும் அவை புதியனவாகின்றன. கற்பித்தலும் அத்தகையதே என்பது அவர் கருத்து. கேட்பவர் களைத்துப்போனால் அவரை அமரச் செய்யுங்கள் என்றும் அவர் அறிவுரை கூறுகிறார். இறைவனைப் பற்றிய போதனைக்கு நடுவே நாற்காலியைப் பற்றி நினைத்த அப்பெரியாரின் நெஞ்சம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் பாடமாக வைக்கத் தக்கது.

இரண்டாம் அறைக்குச் செல்லும் ஆசிரியர் அவ்வுவமையை எடுத்துக்கொள்ளலாம். அங்கே உள்ள பிள்ளைகளே வெளியூர்க்காரர்கள். தம் பள்ளியின் சுவரில் உள்ள சிலுவை எதைக் குறிக்கிறது, நண்பகலில் மணி ஏன் அடிக்கிறது என்று அவர்கள் கேட்டால் மறைக்காமல் கூறலாம். பொருள் அறிதல் நம்பிக்கைக்குள் இழுக்கப்படுதல் ஆகாது. பின்னர் அவர்கள் வீட்டில் விளக்கேற்றுவது ஏன், பெரியவர்களின் காலைத் தொடுவது ஏன் என்று அவர்களைக் கேட்கலாம். விடை தெரியாத பிள்ளை அன்று மாலை பாட்டியிடம் கேட்கும். கேட்டறிந்து மறுநாள் வந்து கூறும் பிள்ளைக்கு ஒழுக்கப் பாடம் தொடங்கிவிட்டது.

இனி எஞ்சியிருப்பது பெற்றோர். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, அரசாங்க உதவிபெறும் பள்ளிகளின் நிருவாகத்தினர் இசுலாம் அல்லாத சமயத்தைப் போதிக்க இடந்தருகிறது. அதற்கு நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தைச் செலவிடலாகாது. மாணவர் எவரும் தம் சமயம் அல்லாத சமயப் போதனைக்குப் பெற்றோரின் எழுத்து வடிவ இசைவின்றி அமரலாகாது. சட்டம் இதனினும் தெளிவாக இருக்க முடியாது. ஆனால், பள்ளியிலிருந்து வரும் தாள் எதுவாயினும் கையொப்பமிட வேண்டிய தாள் என்றே நம் தாய்மார் பலர் எண்ணுகின்றனர். அலுவலக மேசையின் முன் நாற்காலியின் நுனியில் அமர்ந்து, "வாத்தியார் சொன்னா சரிதாங்க" என்று கூறிக் கையை நீட்டுகிறாள் ஒருத்தி. அவள் தருவது இசைவா, பணிவா? அவ்வேளையில் தாளில் உள்ளதைத் தமிழில் படித்துக் காட்டி, மடித்து அவள் கையிலேயே கொடுத்து, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் அம்மா என்று அனுப்பிவைக்கும் தலைமையாசிரியரும் உண்டு; மேசைமேல் இருக்கும் பேனாவை எடுத்து நீட்டுபவரும் உண்டு.